குடல் எதைப் பார்த்துக் கோபப்படுகிறது?

இட்லியிலிருந்து வரும் சர்க்கரையை உள்ளே விட வேண்டும். அதே தட்டில் ஒட்டிக்கொண்டு வந்த கிருமியை உள்ளே விடக் கூடாது. குடலின் வேலையை இப்படி இரண்டு வரியில் சொல்லிவிடலாம். சிக்கல் என்னவென்றால், இரண்டையும் செய்ய வேண்டியது ஒரே படலம். அந்தப் படலத்தின் தடிமன் ஒரே ஒரு செல். ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு, அவ்வளவுதான். தோலுக்குப் பல அடுக்குச் செல்கள் உண்டு, மேலே செத்த செல்களால் ஆன காய்ந்த மூடியும் உண்டு. குடலுக்கு அந்த வசதி கிடையாது. தடிமனாக இருந்தால் சத்தை உறிஞ்ச முடியாது.

பரப்பளவும் கொஞ்சநஞ்சம் இல்லை. குடலை விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவுக்கு வரும் என்று இன்றும் பல இடங்களில் எழுதுகிறார்கள். அது மிகைக் கணக்கு. 2014-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நுண்ணோக்கி அளவுகளை வைத்துத் திரும்பக் கணக்கிட்டபோது சுமார் 30 சதுர மீட்டர்தான் வந்தது. அரை பேட்மின்டன் மைதானம் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவே போதுமான தலைவலி. ஏனென்றால் நம் உடலில் வாழும் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 38 லட்சம் கோடி; அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில்தான் இருக்கின்றன. நம் உடலின் சொந்தச் செல்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடக்கூடிய கூட்டம் அது.

இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை நமக்குக் கெடுதல் செய்வதில்லை. நார்ச்சத்தை நொதிக்க வைத்துக் குடல் செல்களுக்கே தீனி போடுபவைகூட அதில் உண்டு. எல்லாவற்றையும் எதிரியாக நினைத்து உடல் சண்டை போட்டால் குடல் நிரந்தரமாகப் புண்ணாகிவிடும். குரோன்ஸ் நோய், அல்சரேட்டிவ் கொலைடிஸ் போன்றவற்றில் கிட்டத்தட்ட அப்படி ஒன்றுதான் நடக்கிறது. ஆகவே குடலின் நோயெதிர்ப்பைப் புரிந்துகொள்ள, ‘கிருமியை எப்படிக் கொல்கிறது’ என்ற கேள்வியோடு தொடங்கினால் பாதி வழியில் நின்றுவிடுவோம். இத்தனை பாக்டீரியாக்களுக்கு நடுவே எப்போது சண்டை, எப்போது சும்மா இருப்பது என்பதை அது எதை வைத்து முடிவு செய்கிறது? இதுதான் சரியான கேள்வி.

ஒரு கிருமியைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போவோம். சால்மோனெல்லா டைஃபிமியூரியம். சரியாக வேகாத முட்டை, கோழிக்கறி, கெட்ட தண்ணீர் வழியாக வருவது. ஆஃப்பாயில் பிரியர்கள் மன்னிக்கவும். காய்ச்சல், வயிற்றுவலி, பேதி என்று பெரும்பாலும் 6 முதல் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, சில நாட்களில் தானாக அடங்கும் குடல் தொற்றுக்கு இது முக்கியமான காரணம். டைபாய்டு தருவது இதன் நெருங்கிய உறவுக் கிருமி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கிட்டே வர விடாமல்

முதல் தடை இரைப்பை அமிலம். சாப்பாட்டோடு வரும் கிருமிகளில் பெரும் பங்கு அங்கேயே செத்துவிடும். ‘கேஸ் மாத்திரை’ என்று நாம் கடையில் கேட்டு வாங்கும் பேண்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை மாத்திரைகள் இந்த அமிலத்தைத்தான் குறைக்கின்றன. தேவைப்படுபவர்களுக்கு அவை அருமையான மருந்து. ஆனால் அவற்றைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்குச் சால்மோனெல்லா, கேம்பைலோபேக்டர் போன்ற குடல் தொற்றுகள் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். காலையில் காபிக்கு முன்னால் ஒரு மாத்திரை என்று வருடக்கணக்காக, மருத்துவரைக் கேட்காமலே போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அமிலத்தில் தப்பித்த சால்மோனெல்லா குடலுக்கு வருகிறது. அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதற்கு உணவும் இடமும் கொடுப்பதில்லை. இதை அழகாகக் காட்டிய சோதனை 1954-இல் அமெரிக்காவில் நடந்தது. சாதாரண எலிகளுக்குச் சால்மோனெல்லா தொற்ற வேண்டுமென்றால் ஒரு லட்சம் கிருமிகளாவது வாய்வழி கொடுக்க வேண்டியிருந்தது. முன்கூட்டியே ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களை ஒழித்துவிட்டால், பத்துக்கும் குறைவான கிருமிகளே போதுமானதாக இருந்தது. நோயெதிர்ப்பு என்றால் வெள்ளணுக்கள் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். சாதாரண பேதிக்கு மருந்துக்கடையில் தாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவதை மருத்துவர்கள் ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்பதற்கும் பாதி விடை இங்கே இருக்கிறது.

அடுத்தது சளி. மூக்கில் வருவது மாதிரியான வழுவழுப்பான பொருள்தான். மியூசின்-2 என்ற, சர்க்கரைச் சங்கிலிகள் நிறைய ஒட்டிய பெரிய புரதத்தால் ஆனது. குடல் படலத்தில் ஆங்காங்கே இருக்கும் கோப்ளட் செல்கள் இதை ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கின்றன. பெருங்குடலில் இது இரண்டு அடுக்கு. வெளி அடுக்கு தளர்வானது, அதில் பாக்டீரியாக்கள் தாராளமாக வாழும். உள் அடுக்கு நெருக்கமானது, செல்களோடு ஒட்டியிருக்கும், அதில் பாக்டீரியா கிட்டத்தட்ட இருக்காது. இந்த இரட்டை அடுக்கை 2008-இல் ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் மலின் யோகான்சன், குன்னார் ஹான்சன் ஆகியோரின் குழு காட்டியது. அதற்கு முன்னால் பலர் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் வேடிக்கையானது. நுண்ணோக்கியில் பார்க்கத் திசுவைப் பதப்படுத்தும் வழக்கமான முறையிலேயே சளி சுருங்கி மறைந்துவிடும். மியூசின்-2 இல்லாத எலிகளில் பாக்டீரியாக்கள் நேராகச் செல்கள் மேலேயே போய் உட்கார்ந்திருந்தன. அந்த எலிகளுக்குக் குடல் அழற்சி வந்தது.

நார்ச்சத்து பற்றி ஒரு வார்த்தை. நார்ச்சத்தே இல்லாத உணவைக் கொடுத்த எலிகளில், குடல் பாக்டீரியாக்களில் சில தீனி இல்லாமல் இந்தச் சளியின் சர்க்கரையைத் தின்ன ஆரம்பித்தன, சளி மெலிந்தது. எலியில் பார்த்ததை அப்படியே மனிதனுக்கு ஏற்றிச் சொல்லக் கூடாது. இருந்தாலும் கீரையும் பயறும் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை.

சிறுகுடலில் சளி ஒரே அடுக்குதான், அதுவும் தளர்வானது. உணவை உறிஞ்ச வேண்டிய இடத்தில் நெருக்கமான சளி இருந்தால் காரியம் கெட்டுவிடும். அந்தக் குறையை ரசாயனத்தால் ஈடுகட்டுகிறார்கள் பேனத் செல்கள். ‘கிறார்கள்’ என்று தவறி வந்துவிடவில்லை. இவற்றைப் பற்றிப் படிக்கப் படிக்க அஃறிணையாக எழுத மனசு வருவதில்லை. குடல் படலத்தில் கிணறு மாதிரி இறங்கும் குழிகளின் அடியில் இவை உட்கார்ந்திருக்கின்றன. பக்கத்திலேயேதான் படலத்தின் தாய்ச் செல்களும் இருக்கின்றன. மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை குடல் படலமே புதிதாக மாறிக்கொண்டிருப்பது இந்தத் தாய்ச் செல்களால்தான். எனவே அவற்றைக் காப்பாற்றுவது முதல் காரியம். பேனத் செல்களுக்குள் நிறைய மணிகள் தெரியும். அவற்றில் டிஃபென்சின்கள், லைசோசைம் எனப் பாக்டீரியாவைக் கொல்லும் பொருள்கள் அடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. டிஃபென்சின் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் ஓட்டை போடும். அதில் ஒரு வகை, மனிதர்களில் இருக்கும் ஆறாம் எண் டிஃபென்சின், கொல்வதே இல்லை. ஒன்றோடொன்று கோத்து மிக நுண்ணிய வலையாகி, சால்மோனெல்லாவைச் சிக்க வைத்து நகர விடாமல் செய்கிறது. 2012-இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. கொல்லாமலே தடுப்பது என்ற குடலின் பொதுக் குணம் அதில் அப்பட்டமாகத் தெரிகிறது.

இவற்றோடு ஐஜிஏ என்ற ஆன்டிபாடியும் ஒரு நாளைக்கு 3 முதல் 5 கிராம் வரை குடலுக்குள் ஊற்றப்படுகிறது. மற்ற எல்லா வகை ஆன்டிபாடிகளையும் சேர்த்தாலும் உடல் தயாரிக்கும் ஐஜிஏ அளவுக்கு வராது. பிறந்த குழந்தை இதைச் சொந்தமாகத் தயாரிக்கக் கொஞ்ச காலம் ஆகும். அதுவரை அம்மாவின் சீம்பால், தாய்ப்பால் வழியாகத்தான் கிடைக்கிறது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருப்பதைக் கேட்கும்போது வயிறு எரிகிறது.

இடம்தான் கணக்கு

இதுவரை சொன்னதெல்லாம் சத்தமில்லாமல், தினமும் நடப்பது. யாருக்கும் காய்ச்சல் வராது, யாருக்கும் தெரியவும் தெரியாது. இனிமேல்தான் சண்டை.

பாக்டீரியாவை உடல் எப்படி அடையாளம் காண்கிறது? பாக்டீரியாக்களிடம் மட்டுமே இருக்கும் சில பொருள்களை வைத்து. நீந்துவதற்கான கசையிழையில் உள்ள ஃபிளஜெல்லின் என்ற புரதம் ஒன்று. வெளிச்சவ்வில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடு என்ற கொழுப்பும் சர்க்கரையும் கலந்த பொருள் இன்னொன்று. இவற்றை உணர நம் செல்களில் டோல் ஏற்பிகள் என்ற புரதங்கள் இருக்கின்றன. இந்த வகை உணர்விகளைக் கண்டுபிடித்ததற்காகத்தான் புரூஸ் பாய்ட்லர், ஜூல்ஸ் ஹாஃப்மன் இருவருக்கும் 2011-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எல்லாம் சரி. ஆனால் ஒரு சாது பாக்டீரியாவிடமும் ஃபிளஜெல்லின் இருக்கிறது, சால்மோனெல்லாவிடமும் இருக்கிறது. பொருளை மட்டும் பார்த்து ஆளை முடிவு செய்தால் குடல் இருபத்து நான்கு மணி நேரமும் கொந்தளித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

குடல் பார்ப்பது பொருளை மட்டுமல்ல, அது இருக்கும் இடத்தையும். வாசலில் செருப்பு கிடந்தால் யாரும் கேட்பதில்லை. அதே செருப்பு பூஜையறையில் கிடந்தால் வீடே எழுந்துவிடும்.

ஃபிளஜெல்லினை உணரும் ஐந்தாம் டோல் ஏற்பி பெருங்குடல் செல்களில் பெரும்பாலும் உணவு ஓடும் மேல்பக்கத்தில் இருப்பதில்லை; அடிப்பக்கத்தில், உடலைப் பார்த்த பக்கத்தில் இருக்கிறது. மேலே எவ்வளவு ஃபிளஜெல்லின் மிதந்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. படலத்தைத் தாண்டி அடியில் வந்தால் உடனே எச்சரிக்கை கிளம்பும். அதைவிடக் கடுமையான எச்சரிக்கை செல்லின் உள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. சாது பாக்டீரியா எதற்கும் செல்லுக்குள் ஃபிளஜெல்லினைக் கொண்டுபோக வழியில்லை. எனவே உள்ளே அது தென்பட்டால் ஒரே அர்த்தம்தான்.

சால்மோனெல்லாவுக்கோ உள்ளே போவதே தொழில். அதன் உடலில் ஊசி மாதிரியான ஒரு கருவி உண்டு. மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு என்று பெயர். குடல் செல்லைத் தொட்டதும் அந்த ஊசி வழியாகத் தன் புரதங்களைச் செல்லுக்குள் செலுத்துகிறது. அந்தப் புரதங்கள் செல்லின் உள்சட்டகத்தையே கலைத்துப் போடுகின்றன. செல்லின் மேற்பரப்பு அலை அலையாக எழும்பி, பாக்டீரியாவைத் தானாகவே விழுங்கிவிடுகிறது. தன்னை விழுங்கச் சொல்லிச் செல்லையே கட்டாயப்படுத்துகிறது என்று சொல்லலாம்.

ஆனால் அந்த ஊசியே காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. ஊசியின் புரதத் துண்டுகளும் சிந்திய ஃபிளஜெல்லினும் செல்லுக்குள் வந்ததும், எலிகளில் நெய்ப் என்ற உணர்வி அவற்றைப் பிடித்துக்கொள்ளும். உடனே பல புரதங்கள் சக்கரம் போல ஒன்றுகூடும்; இந்தக் கூட்டமைப்புக்கு இன்ஃப்ளமசோம் என்று பெயர். மனிதக் குடல் செல்களில் இதே வேலையைப் பெரிதும் காஸ்பேஸ்-4 என்ற நொதி பார்த்துக்கொள்கிறது. அது உணர்வது செல்லுக்குள் வந்துவிட்ட லிப்போபாலிசாக்கரைடை.

அப்புறம் நடப்பதுதான் விசித்திரம். தொற்றிய செல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முயல்வதில்லை. படலத்திலிருந்து தன்னையே பிடுங்கிக்கொண்டு, உள்ளே இருக்கும் சால்மோனெல்லாவோடு சேர்த்துக் குடலின் ஓட்டத்தில் விழுந்துவிடுகிறது. பக்கத்துச் செல்கள் இரண்டு புறமும் நெருங்கி வந்து அந்த இடைவெளியை மூடுகின்றன, ஓட்டை விழுவதில்லை. எப்படியும் சில நாட்களில் உதிரப்போகிற செல்தானே, முன்கூட்டியே உதிர்த்துவிடுவதில் நட்டம் குறைவு. இந்த உணர்வி இல்லாத எலிகளில் குடல் திசுவுக்குள் சால்மோனெல்லா பல மடங்கு பெருகிவிடுகிறது என்பதை 2014-இல் சூரிக் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

சண்டையும் அதன் விலையும்

உதிரும் செல் சும்மா போவதில்லை. இன்டர்லூக்கின்-18 போன்ற தூதுப் பொருள்களை வெளியிட்டுவிட்டுப் போகிறது. அடியில் இருக்கும் திசுவில் இதைக் கேட்கும் நோயெதிர்ப்புச் செல்கள் நிறைய. அவற்றில் சில இன்டர்லூக்கின்-22 சுரக்கும். அது குடல் படலத்திடம் சொல்வது: சளியைக் கூட்டு, கிருமிக்கொல்லிப் புரதங்களைக் கூட்டு, புதுச் செல்களைச் சீக்கிரம் உண்டாக்கு. இன்டர்லூக்கின்-8 என்ற இன்னொரு தூது, ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களை அழைக்கிறது. அவை ரத்தக் குழாயிலிருந்து வெளியேறி, திசுவைக் கடந்து, படலத்தின் செல்களுக்கு இடையே நுழைந்து குடலின் உள்ளுக்கே வந்துவிடும். மலப் பரிசோதனைச் சீட்டில் ‘பஸ் செல்ஸ்’ (சீழ் செல்கள்) என்று எழுதியிருப்பது பெரும்பாலும் இவற்றைத்தான்.

பேதியும் இந்த இடத்தில்தான் வருகிறது. அழற்சியால் குடலில் நீர் கசிகிறது, உறிஞ்சுவதும் குறைகிறது. பேதி என்பது கிருமியின் வேலையா, உடலின் வேலையா என்று கேட்டால் இரண்டும்தான். எலிகளைத் தாக்கும் சிட்ரோபேக்டர் என்ற கிருமியை வைத்து நடந்த ஆய்வில், இன்டர்லூக்கின்-22 குடல் செல்களின் இணைப்புகளில் நீர் செல்லும் வாயில்களைக் கூட்டுவதும், அந்த நீர்ப்பெருக்கு கிருமியை வெளியேற்ற உதவுவதும் தெரிந்தது. அதற்காகப் பேதியை ரசித்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு குழந்தையின் உயிரை எடுப்பது பெரும்பாலும் கிருமி அல்ல, இழந்த நீரும் உப்பும்தான். ஓ.ஆர்.எஸ் பொட்டலத்தை அதில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதே முதல் சிகிச்சை. மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், குறைந்துபோன சிறுநீர், துவண்டுபோன குழந்தை — இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும். ரத்தமும் காய்ச்சலும் இருக்கும்போது பேதியை நிறுத்தும் மாத்திரையைத் தாமாகப் போடுவது ஆபத்து.

நியூட்ரோஃபில்கள் கிருமியை விழுங்கிக் கொல்வதோடு, இன்னொரு தந்திரமும் செய்கின்றன: பட்டினி போடுவது. பாக்டீரியாவுக்குத் துத்தநாகம், மாங்கனீசு, இரும்பு எல்லாம் வேண்டும். நியூட்ரோஃபிலில் நிரம்பியிருக்கும் கால்புரொடெக்டின் என்ற புரதம் துத்தநாகத்தையும் மாங்கனீசையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இதே புரதத்தை மலத்தில் அளந்துதான் நாள்பட்ட வயிற்றுக் கோளாறு உள்ளவரின் குடலில் உண்மையில் அழற்சி இருக்கிறதா, அல்லது அழற்சி இல்லாத ஐபிஎஸ் வகைத் தொந்தரவா என்று மருத்துவர்கள் ஓரளவு பிரித்துப் பார்க்கிறார்கள். இரும்பின் கதை இன்னும் சுவாரசியம். இரும்பைத் தேடிப் பிடித்துவர பாக்டீரியாக்கள் என்டரோபாக்டின் என்ற சின்ன மூலக்கூறை வெளியே அனுப்பும். குடல் செல்கள் லிப்போகாலின்-2 என்ற புரதத்தைச் சுரந்து அந்த மூலக்கூறையே இரும்போடு சேர்த்து அமுக்கிவிடும். சால்மோனெல்லா என்ன செய்கிறது தெரியுமா? என்டரோபாக்டினில் இரண்டு சர்க்கரையை ஒட்டி அதன் வடிவத்தை மாற்றிவிடுகிறது. லிப்போகாலினால் அதைப் பிடிக்க முடிவதில்லை. பக்கத்தில் இருக்கும் மற்ற பாக்டீரியாக்கள் இரும்பில்லாமல் தவிக்க, சால்மோனெல்லா மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

இங்கேதான் கதை திரும்புகிறது. அழற்சி சால்மோனெல்லாவுக்குக் கெடுதல் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, 2010-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் செபாஸ்டியன் விண்டர், ஆண்ட்ரியாஸ் பாய்ம்லர் ஆகியோரின் குழு வேறு ஒன்றைக் காட்டியது. குடல் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயுவை உண்டாக்குகின்றன. நம் குடல் செல்கள் அதைத் தயோசல்ஃபேட்டாக மாற்றி நச்சு நீக்கிவிடும். அழற்சியின்போது நியூட்ரோஃபில்கள் கிருமியைக் கொல்வதற்காக வீரியமுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகளை வாரி இறைக்கின்றன. அவை இந்தத் தயோசல்ஃபேட்டை டெட்ராதயோனேட்டாக மாற்றிவிடுகின்றன. நாம் ஆக்சிஜனை வைத்துச் சுவாசிப்பது போல, சால்மோனெல்லாவால் டெட்ராதயோனேட்டை வைத்துச் சுவாசிக்க முடியும். காற்றில்லாத குடலில் நொதித்தலை நம்பியே வாழும் மற்ற பாக்டீரியாக்களுக்கு அந்த வசதி இல்லை. அவை பின்தங்கிவிட, சால்மோனெல்லா பெருகுகிறது. நம்மைக் காக்க வந்த வெள்ளணுவே அதற்கு மூச்சுக்காற்றைத் தயாரித்துக் கொடுக்கிறது.

இதில் எனக்குச் சிரிப்பு வரும் ஒரு விஷயம்: நுண்ணுயிர் ஆய்வகங்களில் மலத்திலிருந்து சால்மோனெல்லாவைப் பிரித்தெடுக்க டெட்ராதயோனேட் கலந்த, கிருமி வளர்க்கும் ஊடகத்தை 1923-லிருந்தே பயன்படுத்தி வருகிறார்கள். அதில் மற்றவை ஒடுங்கும், சால்மோனெல்லா மட்டும் செழிக்கும். குடலுக்குள்ளும் அதே ஊடகம் தயாராகிறது என்று புரிந்துகொள்ளக் கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் பிடித்தது.

அப்படியானால் அழற்சியே வேண்டாமா? அப்படி இல்லை. குடலின் உள்ளே சால்மோனெல்லா பெருகினாலும், அழற்சி அதைத் திசுவைத் தாண்டி ரத்தத்துக்குப் போக விடாமல் தடுக்கிறது. எச்ஐவி தொற்று முற்றியவர்களின் குடலில் இன்டர்லூக்கின்-17, 22 சுரக்கும் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் அழிந்துபோகின்றன. அவர்களில் வெறும் பேதியோடு நிற்க வேண்டிய இதே சால்மோனெல்லா ரத்தத்தில் பரவி உயிரைப் பறிக்கும். ஆப்பிரிக்காவில், சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் இது பெரிய பிரச்சினை. மலேரியாவும் சத்துக்குறைவும் உள்ள சின்னக் குழந்தைகளும் அங்கே இதற்குப் பலியாகிறார்கள்.

அடுத்த முறைக்கு

மேலே சொன்ன சண்டையெல்லாம் சில மணிகளில் தொடங்கி சில நாட்களில் முடிவது. இன்னொரு பக்கம் மெதுவான வேலை ஒன்று நடந்துகொண்டிருக்கும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஆங்காங்கே பேயர் திட்டுகள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்து மருத்துவர் யோகான் கொன்ராட் பேயர் 1677-இல் விவரித்தவை. அவற்றின் மேல் எம் செல்கள் என்ற விசேஷச் செல்கள் உண்டு. அங்கே சளி குறைவு. எம் செல் குடலிலிருந்து கிருமித் துணுக்குகளை வேண்டுமென்றே உள்ளே எடுத்துக் கீழே காத்திருக்கும் நோயெதிர்ப்புச் செல்களிடம் கொடுக்கும். அவை ஆராய்ந்து, ஆன்டிபாடி தயாரிக்கும் வெள்ளணுக்களான பி செல்களைப் பழக்கி, அந்தக் கிருமிக்கென்றே பொருந்தும் ஐஜிஏ-வைத் தயாரிக்க வைக்கும். இதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். எனவே முதல் தொற்றுக்கு இது பெரிதாக உதவாது, அடுத்ததற்குத்தான்.

அந்த ஐஜிஏ என்ன செய்கிறது? கிருமிகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக்கிவிடும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிவந்தார்கள். அதில் ஓர் இடறல் இருந்தது. குடலில் குறைந்த எண்ணிக்கையில் இருக்கும் கிருமிகள் ஒன்றையொன்று மோதிக்கொள்வதே அபூர்வம். பின் எப்படி ஒட்டும்? 2017-இல் சூரிக் ஆய்வாளர்கள் விடை கண்டார்கள். தடுப்பு மருந்து கொடுத்த எலிகளில், ஒரு சால்மோனெல்லா இரண்டாகப் பிரியும்போது அந்த இரண்டையும் ஐஜிஏ பிரிய விடாமல் பிடித்துக்கொள்கிறது. அவை மேலும் பிரியும், மேலும் ஒட்டும். ஒரே தாயின் பிள்ளைகளெல்லாம் ஒரே கொத்தாக, படலத்தை நெருங்க முடியாமல் மலத்தோடு போய்விடும். இங்கேயும் கொலை இல்லை, அழற்சியும் இல்லை. டெட்ராதயோனேட் உருவாக வேண்டிய தேவையே வராது.

எச்சரிக்கை கிளம்பாவிட்டால்?

டைபாய்டுக் கிருமி செய்யும் சூது இதை வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும். சால்மோனெல்லா டைஃபி எம் செல்கள் வழியாகவும் மற்ற வழிகளிலும் படலத்தைத் தாண்டுகிறது. தாண்டியதும் விஐ என்ற வழுவழுப்பான சர்க்கரை உறையைப் போர்த்திக்கொண்டு, தன் லிப்போபாலிசாக்கரைடை மறைத்துவிடுகிறது. அந்த உறையைத் தயாரிக்கும் மரபணுக்களோடு சேர்ந்தே இருக்கும் டிவிஐஏ என்ற கட்டுப்பாட்டுப் புரதம், திசுவுக்குள் வந்ததும் ஃபிளஜெல்லின் தயாரிப்பையும் குறைத்துவிடுகிறது. உடல் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் முக்கியமான இரண்டு அடையாளங்களும் போயாயிற்று. நியூட்ரோஃபில் கூட்டம் வருவதில்லை, பெரிய பேதியும் பலருக்கு இருப்பதில்லை. கிருமி, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களுக்குள் ஏறிக்கொண்டு கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை என்று பரவிவிடுகிறது. காய்ச்சல் தொடங்குவதற்கே ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். டைபாய்டை வெறும் வயிற்றுக்கோளாறு என்று எண்ண முடியாமல் போவது இதனால்தான். பித்தப்பை வழியாகக் கிருமி மறுபடியும் குடலுக்கு வரும். அப்போது பேயர் திட்டுகளில் அழற்சி முற்றிப் புண்ணாகும். சிகிச்சை இல்லாவிட்டால் மூன்றாவது வாரத்தில் அந்தப் புண் குடலைத் துளைத்துவிடும் ஆபத்து உண்டு.

கிருமி ஒளிந்துகொள்ளும் அந்த உறையையே இலக்காக வைத்துத்தான் இன்றைய டைபாய்டு தடுப்பூசி செய்யப்படுகிறது. வெறும் சர்க்கரை உறையை ஊசியாகப் போட்டால் இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளின் உடல் அதைச் சரியாகக் கண்டுகொள்ளாது. டி செல்களுக்குச் சர்க்கரை மட்டும் போதாது, ஒரு புரதமும் வேண்டும். அதனால் விஐ உறையை டெட்டனஸ் தடுப்பூசியில் பயன்படும் புரதத்தோடு பிணைக்கிறார்கள். ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் தயாரிக்கும் இந்த வகைத் தடுப்பூசிக்கு 2017 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் முன்தகுதி வழங்கியது. ஆறு மாதக் குழந்தையிலிருந்து ஒரே ஊசியாகப் போடலாம். டைபாய்டு அதிகமுள்ள நாடுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதும் இந்த வகையைத்தான்.